65 டாலரும் 35,000 பேரும்: கான்டினென்டல் விமானங்கள் நேரத்துக்குக் கிளம்பிய கணக்கு

1994 முடியும்போது அமெரிக்காவின் கான்டினென்டல் ஏர்லைன்ஸ் மூழ்கும் நிலையில் இருந்தது. 1983-இல் ஒருமுறை, 1990-இல் மறுமுறை என்று இரண்டு தடவை திவால் மனு போட்டு மீண்ட நிறுவனம். 1994-இல் மட்டும் நட்டம் 60 கோடி டாலருக்கு மேல். பெரிய விமான நிறுவனங்களை நேரந்தவறாமைப்படி வரிசைப்படுத்தி அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை மாதாமாதம் ஒரு பட்டியல் வெளியிடும். கான்டினென்டல் அதில் பெரும்பாலும் கடைசிப் பக்கம்தான். அந்த ஆண்டின் இறுதியில் தலைமைப் பொறுப்புக்கு வந்த கார்டன் பெத்யூன், 1995 தொடக்கத்தில் ஓர் அறிவிப்பு செய்தார். எந்த மாதம் அந்தப் பட்டியலில் முதல் ஐந்து இடத்துக்குள் வருகிறோமோ, அந்த மாதம் ஒவ்வோர் ஊழியருக்கும் 65 டாலர். மணிக்கணக்கில் சம்பளம் வாங்கியவர்களே சுமார் 35,000 பேர்.

பாடப்புத்தகப் பொருளியல் தெரிந்த எவரும் இது தேறாது என்றுதான் சொல்லியிருப்பார். கிளீவ்லாந்து விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் ஒருவர் இன்றைக்குக் கொஞ்சம் மெத்தனமாக இருந்தால் தேசியப் பட்டியலில் நிறுவனத்தின் இடம் மாறப்போவதில்லை. உயிரைக் கொடுத்து வேலை செய்தாலும் மாறப்போவதில்லை. மற்ற 34,999 பேர் ஜெயித்துக் கொடுத்தால் அவருக்கும் 65 டாலர் வரும். அவர்கள் கோட்டைவிட்டால் அவர் எவ்வளவு ஓடியும் பயனில்லை. அப்படியிருக்க அவர் ஏன் ஓடவேண்டும்? ஓசிச் சவாரிப் பிரச்சினை என்று இதைத்தான் சொல்கிறார்கள். ஆள் கூடக்கூட இது மோசமாகும் என்பது கோட்பாட்டின் கணிப்பு.

ஆனால் சில மாதங்களுக்குள் கான்டினென்டல் அந்தப் பட்டியலின் மேல்வரிசைக்கு ஏறிவிட்டது. மார்க் க்னெஸ், டங்கன் சிமெஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் இதை எடுத்து அலசி 2001-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். போனஸ் வேலை செய்தது என்பதே அவர்கள் முடிவு. கோட்பாடு எங்கே பிசகியது? ஓசிச் சவாரிக் கணக்கில் தவறில்லை. ஊழியர்கள் ஆடிக்கொண்டிருந்த ஆட்டம் அது ஒன்று மட்டுமே என்று நினைத்ததில்தான் தவறு. விமானத்தடியில் நடந்தது வேறு ஆட்டம்.

கேட்டில் நடப்பது என்ன

ஒரு விமானம் கேட்டுக்கு வந்து நின்றதிலிருந்து திரும்பக் கிளம்பும் வரையிலான வேலைகளைக் கவனியுங்கள். சக்கரத்துக்குக் கட்டை வைக்கிறார்கள், ஏரோபிரிட்ஜ் வந்து ஒட்டுகிறது, மேலே பயணிகள் இறங்கும்போதே கீழே சரக்கறை திறந்து பெட்டிகள் இறங்குகின்றன. கடைசிப் பயணி இறங்கியபின்தான் துப்புரவுக் குழு முழுதாக உள்ளே போக முடியும். அவர்கள் வெளியே வந்தபின்தான் அடுத்த பயணிகள் ஏற முடியும். இதற்கிடையே உணவு வண்டி ஒரு கதவில், எரிபொருள் வண்டி இறக்கைக்கு அடியில், கழிவுத் தொட்டியைக் காலிசெய்யும் வண்டி வால்பக்கம். விமானிகளில் ஒருவர் விமானத்தைச் சுற்றிவந்து பார்க்கிறார். பழுது ஏதும் பதிவாகியிருந்தால் மெக்கானிக் வருகிறார். முடிவில் எத்தனை பயணிகள், எத்தனை பெட்டிகள், எவ்வளவு எரிபொருள் என்ற மூன்று எண்களும் கைக்கு வந்தபின்தான் லோட் ஷீட் முடியும். எடையும் எடைமையமும் சரி என்று அந்தத் தாள் சொல்லாமல் விமானம் நகராது.

கணக்குக்காக 45 நிமிட இடைவேளை என்று வைத்துக்கொள்வோம். எரிபொருள் 30-ஆவது நிமிடத்தில் முடிந்தது. பெட்டிக் குழு ஓட்டமாக ஓடி 36-இல் முடித்தது. பயணிகள் 42-இல் உட்கார்ந்தாயிற்று. உணவு வண்டி மட்டும் 57-இல் விலகியது. விமானம் கிளம்பும் நேரம் 57-தான். சராசரியும் இல்லை, கூட்டுத்தொகையும் இல்லை, கடைசியாக முடித்தவரின் நேரம். பெட்டிக் குழு 36-இல் முடித்ததற்கும் 56-இல் முடித்திருந்தால் ஆகியிருப்பதற்கும் இந்த விமானத்தைப் பொறுத்தவரை ஒரு வித்தியாசமும் கிடையாது. 20 நிமிட வியர்வை வீண்.

ஊர் கூடித் தேர் இழுக்கும்போது நாலு பேர் வடத்தில் கையை மட்டும் வைத்துக்கொண்டு நடந்தாலும் தேர் நகரும், மற்றவர்கள் பலம் அதை ஈடுகட்டிவிடும். விமானத்தடியில் அந்த ஈடுகட்டல் நடக்காது. ஒருவர் முடிவின் பலன் மற்றவர்கள் முடிவையும் பொறுத்திருக்கும் நிலைகளை ஆராயும் ஆட்டக் கோட்பாட்டில் இதற்குப் பலவீனக் கண்ணி ஆட்டம் என்று பெயர். குழுவின் பலன் குழுவிலேயே குறைவாக முயன்றவரின் அளவில் நிற்கும். முயற்சியின் செலவு மட்டும் அவரவர் தலையில் விழும்.

தேர் ஆட்டத்திலும் விமான ஆட்டத்திலும் சோம்பலுக்குக் காரணம் வேறுவேறு. தேரில், மற்றவர்கள் இழுக்கிறார்கள் என்று தெரிந்தால் கையைத் தளர்த்தத் தோன்றும். விமானத்தில், மற்ற எல்லோரும் உரிய நேரத்தில் முடிப்பார்கள் என்று தெரிந்தால் நானும் முடிக்கவே விரும்புவேன், ஏனென்றால் தாமதத்துக்கு நான் ஒருவனே காரணமாகிவிடுவேன். மற்றவர்களில் ஒருவர் எப்படியும் தாமதமாவார் என்று நினைத்தால்தான் மெதுவாகப் போவேன். இங்கே கெடுப்பது பேராசையைவிட அவநம்பிக்கை. நோயை மாற்றிக் கணித்தால் மருந்தும் மாறிப்போகும்.

ஏழு எண்கள்

கான்டினென்டலின் ஹூஸ்டன் தலைமையகத்திலிருந்து காரில் இரண்டு மணி நேரம்கூட ஆகாத தூரத்தில், டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில், ஜான் வான் ஹைக், ரேமண்ட் பட்டாலியோ, ரிச்சர்ட் பெயில் ஆகிய மூவரும் இந்த ஆட்டத்தை மாணவர்களை வைத்து ஆடிப் பார்த்து 1990-இல் முடிவை வெளியிட்டிருந்தார்கள். இந்தத் துறையில் இன்றுவரை எல்லோரும் திரும்பிப் போகும் சோதனை அது.

விதி எளிது. 14 முதல் 16 பேர் கொண்ட குழு. ஒவ்வொருவரும் 1 முதல் 7 வரை ஓர் எண்ணை எழுதிக் கொடுக்கவேண்டும், ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. கிடைக்கும் பணம் இப்படி: 60 சென்ட் அடிப்படை, அதோடு குழுவில் யாரோ எழுதிய மிகக் குறைந்த எண்ணை 20 சென்டால் பெருக்கிக் கூட்டவேண்டும், நீங்கள் எழுதிய எண்ணை 10 சென்டால் பெருக்கிக் கழிக்கவேண்டும். எல்லோரும் 7 எழுதினால் ஆளுக்கு 1.30 டாலர். எல்லோரும் 1 எழுதினால் ஆளுக்கு 70 சென்ட். நீங்கள் 7 எழுதி யாரோ ஒருவர் 1 எழுதினால் உங்களுக்கு வெறும் 10 சென்ட்.

இதில் எல்லோரும் ஒரே எண்ணை எழுதும் ஏழு நிலைகளுமே நாஷ் சமநிலைகள், அதாவது தனியாக மாறுகிற யாருக்கும் லாபமில்லாத நிலைகள். மற்றவர்கள் எல்லோரும் 7 எழுதும்போது நீங்கள் 6-க்கு இறங்கினால் உங்களுக்கே 10 சென்ட் நட்டம். மற்றவர்கள் எல்லோரும் 1 எழுதும்போது நீங்கள் 2-க்கு ஏறினாலும் 10 சென்ட் நட்டம். ஆக, எந்த நிலையில் மாட்டினாலும் அங்கேயே நிற்பதுதான் தனியாளுக்கு லாபம். ஏழில் எது எல்லோருக்கும் நல்லது என்பதிலும் சந்தேகமே இல்லை. எந்தக் குழுவிலும் யாருக்கும் யாரோடும் நலன் முரண்பாடு கிடையாது. இவ்வளவு சுலபமான ஆட்டத்தில் தோற்கவே முடியாது என்றுதான் தோன்றும்.

நடந்தது வேறு. ஏழு குழுக்கள், மொத்தம் 107 பேர். முதல் சுற்றில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் 7 எழுதினார், 1 எழுதியவர்கள் இரண்டே பேர். ஆனாலும் ஒரு குழுவில்கூட குறைந்தபட்ச எண் 4-ஐத் தாண்டவில்லை. பதினைந்து பேரில் தயங்குகிற ஒருவராவது இருப்பார், அவர் எண்தான் குழுவின் எண். சுற்று முடிந்ததும் அந்தக் குறைந்தபட்ச எண் மட்டும் அறிவிக்கப்பட்டது. 7 எழுதிச் சூடு கண்டவர்கள் அடுத்த சுற்றில் இறங்கினார்கள். சில சுற்றுகளுக்குள் ஏழு குழுக்களுமே 1-இல் போய் நின்றன. பத்தாவது சுற்றில் பத்தில் ஏழு பேருக்கு மேல் எழுதிய எண் 1.

முயற்சிக்கான செலவை நீக்கிவிட்டு, அதாவது அந்த 10 சென்ட் கழிவு இல்லாமல், ஆடவைத்தபோது பெரும்பாலோர் 7-க்கு ஏறினார்கள். சரி, இப்போது ஒருவரையொருவர் நம்பக் கற்றுக்கொண்டார்கள் என்று செலவைத் திரும்பக் கொண்டுவந்தால் மறுபடி சரிவு. ஆனால் இரண்டே பேர் கொண்ட, மாறாத ஜோடிகளாக ஆடியபோது 14 ஜோடிகளில் 12 ஜோடிகள் 7-இல் நிலைத்தன. அதே பணம், அதே விதி. மாறியது ஆள் எண்ணிக்கை.

ஏன் இந்த வித்தியாசம் என்று காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். கணக்கு எளிதாக இருக்க, மற்றவர்கள் 7 அல்லது 1 இரண்டில் ஒன்றைத்தான் எழுதுவார்கள் என்று கொள்வோம். நீங்கள் 1 எழுதினால் எப்படியும் 70 சென்ட். 7 எழுதினால், மற்ற எல்லோரும் 7 எழுதியிருக்கும் பட்சத்தில் 60 சென்ட் கூடுதல், ஒருவர் பிசகினாலும் 60 சென்ட் குறைவு. ஆகவே மற்ற எல்லோரும் சேர்ந்தாற்போல் 7 எழுத 50% வாய்ப்பாவது இருக்கவேண்டும். ஜோடியில் அது ஒரே ஆள்மீதான 50% நம்பிக்கை. 4 பேர் குழுவில் மற்ற ஒவ்வொருவர் மீதும் தனித்தனியே 79% நம்பிக்கை தேவை. 7 பேர் என்றால் 89%. 16 பேர் என்றால் 95%-க்கு மேல். முகம் பார்க்காத, பேசாத பதினைந்து பேர் ஒவ்வொருவர் மீதும் 95% நம்பிக்கை வைப்பவர் அபூர்வம். 1 எழுதியவர்களைக் கோழைகள் என்று சொல்ல முடியாது, அவர்கள் கணக்குப் பார்த்தவர்கள்.

"நான்" கேட்கும் கேள்வி, "நாம்" கேட்கும் கேள்வி

இதைவிடச் சின்ன ஆட்டம் ஒன்று உண்டு. இரண்டு பேர், தனித்தனி அறை, ஆளுக்கு மேல், கீழ் என்று இரண்டு பொத்தான். இருவரும் மேலே அழுத்தினால் ஆளுக்கு 10 ரூபாய், இருவரும் கீழே அழுத்தினால் ஆளுக்கு 6, மாறிப்போனால் இருவருக்கும் ஒன்றுமில்லை. தெருவில் போகிற யாரைக் கேட்டாலும் மேல்தான் என்பார். வழக்கமான ஆட்டக் கோட்பாட்டால் மட்டும் அதைச் சொல்ல முடியாது. நீங்கள் மேல் என்றால் நான் மேல், நீங்கள் கீழ் என்றால் நான் கீழ். நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது நான் என்ன செய்வேன் என்று நீங்கள் நினைப்பதைப் பொறுத்தது. அது நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று நான் நினைப்பதைப் பொறுத்தது. இந்தச் சுழலிலிருந்து வெளியே வர தனியாள் பகுத்தறிவில் வழியில்லை. இரண்டு சமநிலைகளுமே அதன் கண்ணுக்குச் செல்லுபடியானவை.

பொருளியலாளர்கள் ராபர்ட் சக்டனும் மைக்கேல் பக்கராக்கும் இதற்குச் சொன்ன விடை அணிச் சிந்தனை. மனிதர்கள் சில வேளைகளில் "மற்றவர் இதைச் செய்தால் நான் எதைச் செய்வது" என்று கேட்பதில்லை. "நாம் இருவரும் சேர்ந்து எதைச் செய்தால் நல்லது, அதில் என் பங்கு எது" என்று கேட்கிறார்கள். கேள்வியை அப்படிப் போட்டால் விடை ஒன்றுதான்: மேல். இது தியாகமோ பரோபகாரமோ இல்லை. எனக்கு வேண்டியதும் அதே 10 ரூபாய்தான். யோசிக்கும் அலகு ஆளிலிருந்து அணிக்கு மாறியிருக்கிறது, அவ்வளவே.

பக்கராக் இதோடு ஒரு நிபந்தனையையும் சேர்த்தார், நடைமுறைக்கு அதுதான் முக்கியம். அணியில் எல்லோருமே "நாம்" என்று யோசிப்பார்கள் என்று நம்ப முடியாது. சிலர் தனியாளாகவே யோசிப்பார்கள். அவர்கள் எத்தனை பேர் இருக்கக்கூடும் என்பதையும் கணக்கில் சேர்த்துத்தான் அணிச் சிந்தனையாளர் முடிவெடுக்கவேண்டும். 16 பேர் ஏழு எண் ஆட்டத்தில் பத்தில் ஒருவர் தனியாளாக யோசித்தால்கூட, மற்ற பதினைந்து பேரும் 7 எழுத வாய்ப்பு 21%-தான். அந்த நிலையில் அணிக்கே நல்லது கீழே இருப்பது என்று அணிச் சிந்தனையாளரே முடிவுக்கு வரலாம். ஆகவே "நமக்குள் ஒற்றுமை வேண்டும்" என்று மேடையில் பேசுவது பாதி வேலைகூட இல்லை. மற்றவர்களும் அப்படித்தான் யோசிக்கிறார்கள் என்பதற்கு ஒவ்வொருவர் கண்ணுக்கும் ஆதாரம் தெரியவேண்டும்.

அந்தப் பணம் என்ன செய்தது

35,000 பேர் ஒரே ஆட்டத்தில் இருந்தார்கள் என்பது காகிதத்தில் மட்டும்தான். நடப்பில் அது பல ஆயிரம் சின்ன ஆட்டங்கள். ஒவ்வொரு விமானத்தடியிலும் அரை டஜன் சொச்சம் வேலைக் குழுக்கள், தினமும் ஏறக்குறைய அதே முகங்கள், ஒருவர் செய்வது மற்றவர் கண்ணுக்கு நேராகத் தெரியும். எரிபொருள் வண்டி வரவில்லை என்பதைப் பெட்டிக் குழு தலையைத் திருப்பினால் பார்த்துவிடும். க்னெஸும் சிமெஸ்டரும் அழுத்திச் சொல்வது இதைத்தான்: விமான நிலைய வேலை தன்னிச்சையாக இயங்கும் சிறு குழுக்களாக அமைந்திருந்ததால் ஊழியர்களே ஒருவரையொருவர் கவனித்துக்கொண்டார்கள். மேலதிகாரி பார்க்க முடியாததைப் பக்கத்தில் நிற்பவர் பார்க்கிறார்.

ஆனால் பக்கத்தில் நிற்பவர் முன்பும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அப்போது ஏன் கேட்கவில்லை? கேட்டால் "உன் வேலையைப் பார்" என்ற பதில் வரும், அதற்கு மறுபேச்சு கிடையாது. 65 டாலர் அதை மாற்றியது. இன்னொருவர் மெத்தனம் இப்போது என் பையில் கைவைக்கிறது, ஆகவே கேட்க எனக்கு உரிமை உண்டு, கேட்கப்படுபவருக்கும் அது தெரியும். தொகை சிறியது என்பதால் இதில் குறை ஏதுமில்லை. உரிமைக்குப் பெரிய தொகை தேவையில்லை, எல்லோருக்கும் ஒரே தொகை என்பதுதான் தேவை.

பணம் கொடுத்த விதத்தையும் கவனிக்கவேண்டும். சம்பளத்தோடு கலந்து ஒரு வரியாகப் போடவில்லை, தனிக் காசோலையாக வந்தது. இலக்கு ஒரே எண், அதுவும் நிறுவனம் தானே அளந்து தானே மெச்சிக்கொள்ளும் எண் இல்லை, அரசு வெளியிட்டுப் பத்திரிகையில் வரும் வரிசை. அந்தப் பட்டியலில் ஒரு விமானம் குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் கேட்டை அடைந்தால் அது நேரத்துக்கு வந்ததாகக் கணக்கு. ரத்தான விமானம் நேரத்துக்கு வந்ததாகச் சேராது, ஆகவே தாமதமானதை ரத்துசெய்து எண்ணைத் தேற்றவும் முடியாது. முதல் மாதக் காசோலை வந்த நாளில் ஓர் ஊழியருக்குக் கிடைத்தது 65 டாலர் மட்டுமில்லை. நாடு முழுக்க உள்ள மற்றவர்கள் தங்கள் பங்கைச் செய்திருக்கிறார்கள் என்ற செய்தியும், அதே காசோலை எல்லோர் கையிலும் இருப்பதால் அந்தச் செய்தி எல்லோருக்கும் தெரியும் என்ற செய்தியும் சேர்ந்து வந்தது. மேலே பார்த்த நம்பிக்கைச் சதவீதத்தை உயர்த்துவது இப்படிப்பட்ட பொதுச் செய்திதான்.

நிறுவனத்துக்குச் செலவும் பெரிதில்லை. 35,000 பேருக்கு 65 டாலர் என்றால் மாதம் 22.75 லட்சம் டாலர். தவறவிட்ட இணைப்பு விமானங்கள், ஓட்டல் அறை, வேறு நிறுவனத்தில் மாற்றுப் பயணம் என்று தாமதங்களால் மாதம் சுமார் 50 லட்சம் டாலர் போய்க்கொண்டிருந்தது என்றும் அதில் பாதியைப் பிரித்துக் கொடுத்ததுதான் இந்த போனஸ் என்றும் பெத்யூன் சொல்லியிருக்கிறார். முதல் ஐந்துக்குள் வராத மாதத்தில் அந்தச் செலவும் இல்லை.

போனஸ்தான் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும்

இப்படிப்பட்ட மீட்சிக் கதைகளில் சந்தேகப்படுவது நல்ல பழக்கம். அதே சமயத்தில் கான்டினென்டலில் வேறு பலவும் மாறின: நட்டத்தில் ஓடிய வழித்தடங்கள் மூடப்பட்டன, விமான நிலைய மேலாளர்கள் பலர் மாற்றப்பட்டார்கள், கால அட்டவணையும் திருத்தப்பட்டது. அட்டவணையில் சில நிமிடம் தளர்வு கொடுத்தாலே நேரந்தவறாமை எண் ஏறும், யாரும் வேகமாக ஓடவேண்டியதில்லை.

ஆய்வாளர்கள் பிடித்த நூல்முனை ஒப்பந்த ஊழியர்கள். சில விமான நிலையங்களில் தரைப்பணிகளைக் கான்டினென்டல் வேறு நிறுவனங்களிடம் விட்டிருந்தது. அங்கே கேட்டிலும் விமானத்தடியிலும் நின்றவர்களுக்கு 65 டாலர் கிடையாது. ஆனால் விமானமும் அட்டவணையும் தலைமையும் அதே கான்டினென்டலுடையவை. போனஸ் வெறும் அலங்காரம் என்றால் இரண்டு வகை நிலையங்களிலும் முன்னேற்றம் ஒரே அளவில் இருக்கவேண்டும். சொந்த ஊழியர்கள் இருந்த நிலையங்களில் புறப்பாட்டு நேரம் கூடுதலாக முன்னேறியது. மேலாளர் மாற்றத்தையும் அட்டவணைத் திருத்தத்தையும் தனியே கணக்கில் எடுத்தபின்னும் இந்த வித்தியாசம் நின்றது. 1995-இல் நிறுவனம் 20 கோடி டாலருக்கு மேல் லாபம் காட்டியதையெல்லாம் இந்தக் காசோலைக் கணக்கில் எழுதுவது மிகை. விமானம் கேட்டைவிட்டு நகர்ந்ததில் இதற்குப் பங்கு உண்டு என்பது வரைக்கும் சான்று இருக்கிறது.

பணமா, பேச்சா

ஜோர்டி பிராண்ட்ஸ், டேவிட் கூப்பர் இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனை, விழுந்த குழுவை மீட்பது எப்படி என்பதைப் பற்றியது. நான்கு பேர் ஒரு நிறுவனம். ஆளுக்கு முயற்சி 0, 10, 20, 30, 40. வருமானம்: 200-இலிருந்து தன் முயற்சியின் ஐந்து மடங்கைக் கழித்து, நால்வரில் குறைந்த முயற்சியை போனஸ் வீதத்தால் பெருக்கிக் கூட்டவேண்டும். வீதம் 6 என்றால், எல்லோரும் 40 போட்டால் ஆளுக்கு 240, எல்லோரும் 0 போட்டால் 200, ஒருவர் மட்டும் 40 போட்டு மற்றொருவர் 0-இல் இருந்தால் அந்த உழைத்தவருக்குக் கிடைப்பது பூஜ்யம். 40 லாபத்துக்காக 200-ஐப் பணயம் வைக்கச் சொல்லும் ஆட்டம். ஆகவே குழுக்கள் பெரும்பாலும் அடிமட்டத்தில் போய் விழுந்தன.

பிறகு வீதத்தை ஏற்றினார்கள். நம்பிக்கைக் கணக்குப்படி, 40-ஐத் தொட மற்ற ஒவ்வொருவர் மீதும் தேவைப்படும் நம்பிக்கை வீதம் 6-இல் 94%, 8-இல் 86%, 14-இல் 71%. ஆகவே 14 தான் அதிகம் உதவும் என்று எதிர்பார்க்கலாம். வீதத்தை ஏற்றியதும் குழுக்கள் எழுந்தன, ஆனால் பெரிய ஏற்றம் சின்ன ஏற்றத்தைவிட அதிகமாக எதையும் சாதிக்கவில்லை. எழுந்தபின் வீதத்தைக் குறைத்தபோதும் பெரிதாக யாரும் இறங்கவில்லை. பணம் விலையாக வேலை செய்திருந்தால் இப்படி ஆகியிருக்காது. அது மணியடித்தது: இப்போது எல்லோரும் நகரும் நேரம் என்று எல்லோருக்கும் ஒரே சமயத்தில் கேட்டது. 65 டாலர் போதுமானதாக இருந்ததற்கும் இதுவே விளக்கம் என்பது எங்கள் கணிப்பு.

அடுத்த ஆண்டு அதே இருவர், போனஸ் வீதத்தை முடிவுசெய்யும் மேலாளராக ஒருவரை ஆட்டத்தில் வைத்து, அவருக்குப் பேசவும் அனுமதி கொடுத்துப் பார்த்தார்கள். போனஸை ஏற்றுவதைவிடப் பேச்சு அதிகம் உதவியது. எல்லாப் பேச்சும் இல்லை. குறிப்பிட்ட அளவு முயற்சியைப் பெயர் சொல்லிக் கேட்டது, அதனால் எல்லோருக்கும் என்ன லாபம் என்று காட்டியது, நல்ல கூலிதான் கிடைக்கிறது என்று உணர்த்தியது ஆகிய மூன்றும் பலித்தன. "நன்றாக உழைப்போம்" என்பதற்கும் "அடுத்த சுற்றில் எல்லோரும் 40 போடுங்கள்" என்பதற்கும் இடையே இருக்கும் தூரம் அது. முதலாவதைக் கேட்டவருக்கு மற்றவர்கள் எத்தனை போடுவார்கள் என்று தெரியாது.

ராபர்ட்டோ வெபர் 2006-இல் காட்டியது வேறொரு வழி: குழுவைச் சிறிதாகத் தொடங்கி வளர்ப்பது. 12 பேரை முதலிலேயே சேர்த்து ஆடவைத்த குழுக்கள் வழக்கம்போல் சரிந்தன. இரண்டு பேரோடு தொடங்கி, மெல்ல ஆள் சேர்த்து 12-க்கு வந்த குழுக்களில் பல உயர்ந்த எண்ணைக் காப்பாற்றிக்கொண்டன. ஒரு நிபந்தனை: புதிதாகச் சேருபவர் இதுவரை நடந்த சுற்றுகளைப் பார்த்திருக்கவேண்டும். முந்தைய வரலாறு தெரியாமல் உள்ளே வந்தால் சரிவுதான். புது ஆளை முதல் வாரமே தனியாக வேலையில் இறக்கிவிடும் இடங்களில் என்ன நடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது கடினம்.

எங்கே கெட்டுப்போகும்

தாமதத்துக்கு யார் பொறுப்பு என்று எழுதும் பழக்கம் முதல் ஓட்டை. பல நிறுவனங்களில் ஒவ்வொரு தாமதத்துக்கும் ஒரு துறையின் தலையில் குறியீடு விழும். அப்போது ஒவ்வொரு குழுவும் ஆடுவது "நான் கடைசி ஆளாக மாட்டிக்கொள்ளக் கூடாது" என்ற ஆட்டம். எரிபொருள் தாமதமாகிறது என்று தெரிந்ததும் பெட்டிக் குழு உதவிக்குப் போகாது. இனிமேல் குறியீடு அவர்களுக்குத்தான் என்று நிம்மதியாகும். ஜோடி ஹாஃபர் கிட்டல் அமெரிக்கன் ஏர்லைன்ஸையும் சவுத்வெஸ்ட்டையும் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது இதைப் பதிவுசெய்தார். சவுத்வெஸ்ட் "அணித் தாமதம்" என்று ஒரு குறியீட்டையே வைத்திருந்தது: எந்தத் துறை என்று துல்லியமாகப் பிரிக்க முடியாத தாமதம் கூட்டாக எல்லோர் பெயரிலும் விழும். கணக்கில் துல்லியம் குறையும், ஆனால் என்ன நடந்தது என்று உண்மையைச் சொல்ல யாரும் பயப்படவேண்டியதில்லை.

எதிர்த்திசையில் இழுக்கும் பழைய போனஸ் அடுத்தது. கான்டினென்டலின் முந்தைய நிர்வாகம் எரிபொருள் மிச்சத்துக்கு விமானிகளுக்குப் பணம் கொடுத்தது என்றும், அவர்கள் மெதுவாகப் பறந்து, ஏசியையும் குறைத்தார்கள் என்றும் பெத்யூன் சொல்லியிருக்கிறார். கேட்டில் அரை டஜன் குழுக்கள் சேமித்த நிமிடங்களைக் காக்பிட்டில் ஒரு கை செலவழித்துவிடும். பலவீனக் கண்ணி ஆட்டத்தில் இப்படி ஒரே ஒரு முரண்பட்ட ஊக்கத்தொகை போதும். புது போனஸ் அறிவிக்கும் முன் பழையவற்றின் முழுப் பட்டியலை மேசையில் பரப்பிப் பார்க்காதவர்கள் இங்கேதான் விழுகிறார்கள்.

எல்லைக்கோடு வைத்த இலக்குக்கு அதற்கேயுரிய வியாதி உண்டு. 15 நிமிடம் தாண்டிவிட்ட விமானம் 16 நிமிடத் தாமதமானாலும் 60 ஆனாலும் பட்டியலில் ஒன்றுதான்; ஆகவே தாண்டியதைக் கைவிட்டு அடுத்ததைப் பார்க்கத் தோன்றும். மாதத்தின் 25-ஆம் தேதிக்குள் ஐந்தாமிடம் எட்டாக்கனி என்று தெரிந்துவிட்டால் மிச்ச நாட்களுக்கு ஊக்கமே இல்லை. இணைப்பு விமானத்திலிருந்து ஓடிவரும் நாலு பயணிகளுக்காகக் கதவை மூன்று நிமிடம் திறந்துவைப்பதா, ஏறாத பெட்டிகளை விட்டுவிட்டுக் கிளம்புவதா என்ற கேள்விகளுக்கும் ஒற்றை எண் இலக்கு ஒரே பதிலைத்தான் சொல்லும். அதனால் தவறிய பெட்டிகளின் எண்ணிக்கையையும் பக்கத்திலேயே பார்த்துவரவேண்டும். 1996-இல் கான்டினென்டல் தன் திட்டத்தை இறுக்கியது: இரண்டாம் மூன்றாம் இடத்துக்கு 65 டாலர், முதலிடத்துக்கு 100. ஐந்துக்குள் வருவது வழக்கமாகிப்போனபின் பழைய கோடு யாரையும் நகர்த்தாது.

இதே திட்டத்தை வேறிடத்தில் போட நினைப்பவர்கள் முதலில் எண்ணவேண்டியது, ஒரு வேலை முடிய எத்தனை கைகள் கட்டாயம் தேவை, அவற்றில் எத்தனை கைகள் போனஸ் பட்டியலில் இருக்கின்றன என்பதை. இரண்டு எண்களும் ஒன்றாக இல்லாவிட்டால் கடைசிக் கண்ணி பட்டியலுக்கு வெளியே நிற்கிறது என்று அர்த்தம். துப்புரவையோ சுமைதூக்குவதையோ ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிட்டு நிரந்தர ஊழியருக்கு மட்டும் குழு போனஸ் அறிவிக்கும் நிறுவனம், பணம் கொடுத்த எல்லோரையும் பணம் பெறாத ஒருவருக்காகக் காத்திருக்க வைக்கிறது. அந்த ஒருவரையும் பட்டியலில் சேர்க்க ஆகும் செலவு பெரும்பாலும் மாதத்துக்கு ஒரு சில மணி நேரக் கூலிதான். ஒப்பந்தத்தின் வாசகம் அதற்கு இடம் தராவிட்டால் வாசகத்தை மாற்றியபிறகே போனஸை அறிவிக்கலாம்.